எட்வின் டியாஸுக்கு 6.9 கோடி டாலர்: டாட்ஜர்ஸ் திருந்தவே திருந்தாதா?

கணக்கப்பிள்ளை

2025 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி, நியூயார்க் மெட்ஸில் இருந்த பிட்ச்சர் (பந்து வீசுபவர்) எட்வின் டியாஸை வாங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு 6.9 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு 2.3 கோடி. ஒரு ரிலீஃப் பிட்ச்சருக்கு (தொடக்கப் பிட்ச்சர் போன பிறகு வந்து வீசுபவர், சுருக்கமாக ரிலீவர்) ஆண்டுக் கணக்கில் இவ்வளவு பெரிய தொகையை அதுவரை யாரும் கொடுத்ததில்லை. ஆட்டத்துக்கு ஓர் இன்னிங்ஸ் வீதம், பருவம் முழுக்கச் சேர்த்தாலும் அறுபது, அறுபத்தைந்து இன்னிங்ஸ் வீசப் போகிறவருக்கு இந்தச் சம்பளம்.

சென்ற குளிர்காலத்தில் இதே அணி என்ன செய்தது என்று பாருங்கள். டானர் ஸ்காட்டுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 7.2 கோடி. பிளேக் ட்ரைனனுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 2.2 கோடி. கர்பி யேட்ஸுக்கு ஓராண்டுக்கு 1.3 கோடி. கூட்டினால் 10.7 கோடி டாலர். 2025இல் அவர்களுடைய இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்ச்சர் தன் பொறுப்பில் கொடுக்கும் சராசரி ரன், குறைந்தால் நல்லது) முறையே 4.74, 5.40, 5.23. கடைசி இன்னிங்ஸில் முன்னிலையைக் காக்கும் குளோசராக வந்த ஸ்காட் 10 முறை முன்னிலையைப் பறிகொடுத்தார். வீசிய 57 இன்னிங்ஸில் 11 ஹோம்ரன் கொடுத்தார்.

அதே புல்பென்னில் (ரிலீவர்கள் அணியில்) ஜாக் டிரையர் என்று ஓர் இளைஞர் இருந்தார். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் அவரைச் சீண்டவில்லை. முதல் பருவத்திலேயே 76 இன்னிங்ஸுக்கு மேல் வீசி, 2.95 இ.ஆர்.ஏ.வோடு முடித்தார். அந்தப் பருவத்தின் குறைந்தபட்ச ஊதியம் 7.6 லட்சம் டாலர். முதல் ஆண்டுக்காரர்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய அதுதான்.

ரிலீஃப் பிட்ச்சிங்கில் பெயருக்குப் பணம் கொட்டாதே என்று உங்கள் புல்பென்னே கத்திச் சொல்லும்போது, அடுத்த குளிர்காலத்தில் அதைவிடப் பெரிய பெயருக்கு அதைவிடப் பெரிய சம்பளம் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

நீலத்தொப்பி

நியாயமா? கோப்பை கையில் இருக்கிறது ஐயா. 2024, 2025 என்று தொடர்ந்து இரண்டு. வேண்டுமானால் அதன் இ.ஆர்.ஏ.வையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குயின்ஸ்வாசி

நீலத்தொப்பி, அந்தக் கோப்பைக்கும் நீங்கள் விலைக்கு வாங்கிய ரிலீவர்களுக்கும் என்ன சம்பந்தம்? 2025 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் உங்களுக்காக வீசியவர்களின் பட்டியலைப் பாருங்கள்: ஓட்டானி, ராப்லெஸ்கி, கிளாஸ்னோ, ஷீஹன், ஸ்னெல், யமமோட்டோ. இவர்களில் ஒருவராவது புல்பென்னுக்கென்று வாங்கப்பட்டவரா? ராப்லெஸ்கிகூடத் தொடக்கப் பிட்ச்சராக வளர்ந்தவர்தான். யமமோட்டோ முதல் நாள் இரவு 96 பந்துகள் வீசிவிட்டு, மறுநாளே ஒன்பதாவது இன்னிங்ஸின் நடுவில் வந்து கடைசி எட்டு அவுட்டையும் எடுக்கும்வரை நின்றார். ஸ்காட் அக்டோபர் முழுக்க ஒரு பந்துகூட வீசவில்லை. பிலடெல்ஃபியா தொடரின் நடுவில் சீழ்க்கட்டிக்குச் சிறு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு பட்டியலிலிருந்தே போய்விட்டார்.

இதெல்லாம் ஒரு மெட்ஸ் ரசிகனின் வயிற்றெரிச்சல் என்று சொல்வீர்கள். ஆம், வயிற்றெரிச்சல்தான். டியாஸ் எங்கள் ஆள். அவர் மைதானத்துக்குள் ஓடி வரும்போது ஒலிக்கும் அந்த ட்ரம்பெட்டுக்காகவே எட்டாவது இன்னிங்ஸ் முடியும்வரை எழுந்து போகாமல் இருந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

புதுரசிகை

மன்னிக்கவும், நடுவில் புகுந்து கேட்கிறேன். நான் 2025 உலகத் தொடரிலிருந்துதான் பேஸ்பால் பார்க்கத் தொடங்கினேன். குளோசர் என்பவர் கிரிக்கெட்டில் கடைசி ஓவர்கள் வீசுபவர் மாதிரியா? அப்படியென்றால் அவருக்கு அதிக மதிப்பு இருப்பது இயல்புதானே?

திடலோரம்

அம்மா, பாதி சரி. கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளரை நிறுத்திவைத்துவிட்டு, வேண்டும்போது மறுபடி அழைக்கலாம். இங்கே ஒருவரை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டால் எடுத்ததுதான், அன்று அவர் திரும்பி வர முடியாது. போதாக்குறைக்கு, 2020இலிருந்து வரும் பிட்ச்சர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்காவது வீச வேண்டும், அல்லது இன்னிங்ஸை முடித்துவிட்டுப் போக வேண்டும். ஒரே ஓர் இடதுகை பேட்டருக்காக ஓர் இடதுகைப் பிட்ச்சரைக் கொண்டுவந்து, உடனே மாற்றுகிற பழைய வழக்கம் போய்விட்டது. ஆகவே யாரை எப்போது இறக்குவது என்ற முடிவு முன்பைவிடக் கடுமையாகிவிட்டது. நல்ல ரிலீவரை வாங்குவது பாதி வேலைதான். அவரைச் சரியான நேரத்தில் இறக்காவிட்டால் வாங்கியும் பயனில்லை.

2016 அக்டோபரில் பால்டிமோர் அணியிடம் ஸாக் பிரிட்டன் இருந்தார். அந்தப் பருவத்தில் 47 வாய்ப்புகள் கிடைத்தன, 47இலும் ஆட்டத்தைக் காப்பாற்றினார். இ.ஆர்.ஏ. 0.54. டொரன்டோவில், தோற்றால் வெளியேற வேண்டிய வைல்ட் கார்டு ஆட்டம் சமநிலையில் 11ஆவது இன்னிங்ஸுக்குப் போனது. முன்னிலை கிடைத்த பிறகுதான் குளோசர் என்று மேலாளர் பக் ஷோவால்டர் பிரிட்டனைப் புல்பென்னிலேயே வைத்திருந்தார். உபால்டோ ஹிமெனெஸ் வீசினார், எட்வின் என்கார்னசியோன் மூன்று ரன் ஹோம்ரன் அடித்தார். பருவம் முடிந்தது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த ரிலீவர் ஒரு பந்தும் வீசாமல் வீட்டுக்குப் போனார்.

2025இல் டாட்ஜர்ஸ் மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் செய்தது நேர் எதிர். பிலடெல்ஃபியாவுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் ரோக்கி சசாகியை எட்டாவது இன்னிங்ஸிலேயே இறக்கி, எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று இன்னிங்ஸ் வீச வைத்தார். ஒன்பது பேட்டர்கள் வந்தார்கள், ஒன்பது பேரும் அவுட். 11ஆவது இன்னிங்ஸில் பிலடெல்ஃபியாவின் கெர்கரிங் பந்தைத் தவறாக எறிந்ததில் டாட்ஜர்ஸ் 2-1 என்று வென்றது.

நீலத்தொப்பி

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், திடலோரம் ஐயா அழகாகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்த அக்டோபர் எங்களுக்கு எவ்வளவு திகிலாகப் போனது என்று வெளியூர் ரசிகர்களுக்குத் தெரியாது. உலகத் தொடரின் முதல் ஆட்டத்திலேயே ஆறாவது இன்னிங்ஸில் ஒன்பது ரன் போனது. எங்கள் பாண்டா வீசிய பந்தை, டொரன்டோவின் மாற்று பேட்டராக வந்த பார்ஜர் கிராண்ட் ஸ்லாமாக (நான்கு ரன் ஹோம்ரனாக) அடித்தார். எங்கள் ரிலீவர் வேஸியா குடும்பத் துயரத்தால் தொடருக்கே வரவில்லை. மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ். கெர்ஷா 12ஆவது இன்னிங்ஸில் மூன்று தளங்களும் நிரம்பியிருந்தபோது வந்து ஒருவரை அவுட்டாக்கிவிட்டுப் போனார். கடைசியில் மிஞ்சியவர் வில் கிளைன். ஜூனில் சியாட்டிலிடமிருந்து சத்தமில்லாமல் வாங்கிய ஆள். அவர் 72 பந்துகள், நான்கு இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. பிறகு ஃப்ரீமன் ஹோம்ரன் அடித்தார், வென்று வீட்டுக்குப் போனோம்.

இந்தப் பதற்றத்தை மறுபடியும் அனுபவிக்க வேண்டாம் என்றுதான் டியாஸ்.

கணக்கப்பிள்ளை

நீலத்தொப்பி தம்பி, நீங்கள் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். வில் கிளைனுக்கு என்ன விலை கொடுத்தீர்கள்?

கையோடு ஒரு பழைய கணக்கையும் வைக்கிறேன். 2017-18 குளிர்காலத்தில் கொலராடோ ராக்கீஸ் மூன்று ரிலீவர்களை வாங்கியது. வேட் டேவிஸ் 5.2 கோடி, பிரையன் ஷா 2.7 கோடி, ஜேக் மெகீ 2.7 கோடி. மொத்தம் 10.6 கோடி. டாட்ஜர்ஸ் சென்ற ஆண்டு கொட்டியது 10.7 கோடி. டேவிஸ் முதல் ஆண்டில் 43 ஆட்டங்களைக் காப்பாற்றினார், ஆனால் இ.ஆர்.ஏ. நான்கைத் தாண்டியது. மறு ஆண்டு அது 8.65. 2020 முடிவதற்குள் மூவரையும் அணியே விடுவித்துவிட்டது.

திடலோரம்

டென்வர் கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து சரியாக வளையாது, அடித்தால் தொலைதூரம் பறக்கும். அந்த மைதானத்தில் மூவரும் அடிவாங்கியதை அப்படியே லாஸ் ஏஞ்சலஸுக்குப் பொருத்த முடியாது.

ஆனால் அந்தக் கதையில் நீங்கள் விட்டுவிட்ட ஒரு பகுதி உண்டு. ராக்கீஸ் துரத்திவிட்ட ஜேக் மெகீயை 2020இல் எடுத்துக்கொண்டது யார் என்று நினைக்கிறீர்கள்? டாட்ஜர்ஸ்தான். ஏறக்குறைய ஃபாஸ்ட்பாலை மட்டுமே வைத்துக்கொண்டு 2.66 இ.ஆர்.ஏ.வோடு வீசினார், அந்த ஆண்டு கோப்பையும் வாங்கினார். மறு ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் 31 ஆட்டங்களைக் காப்பாற்றினார். அதே கை, அதே ஃபாஸ்ட்பால். இதற்கு நேரான விளக்கம் எவரிடமும் இல்லை. அறுபது இன்னிங்ஸ் என்பது ஒருவருடைய திறமையைச் சொல்வதற்கு மிகச் சிறிய அளவு. நான்கைந்து ஹோம்ரன் சுவரைத் தாண்டுவதும் சுவருக்குள்ளேயே பிடிபடுவதும் 2.00க்கும் 3.50க்கும் உள்ள வித்தியாசத்தை உண்டாக்கிவிடும். தொடக்கப் பிட்ச்சர் 180 இன்னிங்ஸ் வீசுவார், அவருக்கு அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் ஓரளவு சமன்பட்டுவிடும். ரிலீவருக்கு அதற்குக் காலம் கிடைப்பதில்லை. குளிர்காலத்தில் அவரை விலைபேசுகிறவர் அந்தச் சிறிய அளவைப் பார்த்துத்தான் காசோலை எழுதுகிறார்.

குயின்ஸ்வாசி

டியாஸே அதற்கு உதாரணம். 2018இல் சியாட்டிலுக்காக 57 ஆட்டங்களைக் காப்பாற்றினார், இ.ஆர்.ஏ. 1.96. அதைப் பார்த்து நாங்கள் அவரை வாங்கினோம். 2019இல் 5.59. 58 இன்னிங்ஸில் 15 ஹோம்ரன்! அந்தக் கோடையில் அவர் பெயரைச் சொன்னாலே எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை அணைத்துவிடுவார்கள். பிறகு 2022இல் 62 இன்னிங்ஸில் 118 ஸ்ட்ரைக் அவுட், இ.ஆர்.ஏ. 1.31. ஐந்து ஆண்டுகளுக்கு 10.2 கோடி கொடுத்தோம். அடுத்த மார்ச்சில் வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக்கில் புவெர்ட்டோ ரிக்கோ வென்ற கொண்டாட்டத்தில் குதிக்கும்போது வலது முழங்காலின் தசைநார் கிழிந்தது. 2023 முழுக்கப் போனது. 2024இல் 3.52, நடுவில் கையில் பிசுபிசுப்புப் பொருள் இருந்ததென்று பத்து ஆட்டத் தடை. 2025இல் மறுபடி 1.63, 66 இன்னிங்ஸில் 98 ஸ்ட்ரைக் அவுட். ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த ஆண்டுகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் சந்தைக்குப் போனதில் வியப்பில்லை.

நல்ல ஆண்டு, மோசமான ஆண்டு, காயம்பட்ட ஆண்டு எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் பார்த்தவன் நான். ஆனாலும் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலையோடு யார் வேண்டும் என்று கேட்டால், அவர் பெயரைத்தான் சொல்வேன்.

எங்கள் நிர்வாகமோ அவர் போவதற்கு முன்பே டெவின் வில்லியம்ஸை மூன்று ஆண்டுகளுக்கு 5.1 கோடிக்கு வாங்கி வைத்தது. சென்ற பருவம் யாங்கீஸுக்காக 4.79 கொடுத்தவர். 2024 அக்டோபரில் மில்வாக்கியில் இதே வில்லியம்ஸ் வீசிய பந்தைத்தான் எங்கள் அலோன்சோ ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம்ரனாக அடித்து எங்களை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோனார். இப்போது அலோன்சோ பால்டிமோரில், வில்லியம்ஸ் எங்களிடம். சிரிப்பதா அழுவதா?

கணக்கப்பிள்ளை

வில்லியம்ஸின் 4.79ஐப் பார்த்து மெட்ஸ் பயப்படவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. அவருடைய சேஞ்சப் (வேகம் குறைத்து வீசும் பந்து) இன்னும் பேட்டர்களை ஏமாற்றுகிறது, ஸ்ட்ரைக் அவுட்டும் நிறைய எடுக்கிறார். மோசமான ஆண்டுக்குப் பிறகு வாங்கினால் கழிவு விலை கிடைக்கும். அவரை மெட்ஸுக்கு வாங்கிய நிர்வாகி டேவிட் ஸ்டர்ன்ஸ் மில்வாக்கியில் இருந்தபோதே அவரை அறிந்தவர்.

டாட்ஜர்ஸ் செய்வது தலைகீழ். 2024இல் யேட்ஸ் டெக்சஸில் 1.17, ஸ்காட் 1.75. உச்சத்தில் இருந்தபோது வாங்கினார்கள். ட்ரைனன் விஷயம் இன்னும் மோசம், அது நன்றிக்கடன். 2024 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் அவர் மூச்சுவாங்க 42 பந்துகள் வீசினாரே, ராபர்ட்ஸ் மேட்டுக்குப் போய் அவர் நெஞ்சில் கைவைத்துப் பேசினாரே, அந்த ஓர் இரவுக்குத்தான் 2.2 கோடி.

நீலத்தொப்பி

அந்த இரவு எனக்கு 2.2 கோடி பெறும்.

திடலோரம்

ட்ரைனனையும் ஸ்காட்டையும் பற்றிப் பேசும்போது 2025 செப்டம்பர் 6, பால்டிமோர் ஆட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. யமமோட்டோ ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் வரை வந்துவிட்டார். 3-0 முன்னிலை. இன்னும் ஒரே ஓர் அவுட். ஜாக்சன் ஹாலிடே அடித்த பந்து வலதுபக்கச் சுவரை ஒட்டி மேலே தாண்டியது. 112 பந்துகளோடு யமமோட்டோவை எடுத்தார்கள். ட்ரைனன் வந்தார். முதல் ஆள் டபுள் அடித்து இரண்டாம் தளத்துக்குப் போனார். அடுத்து ஹெண்டர்சன் மேல் பந்து பட்டது. பிறகு ஒரு வைல்ட் பிட்ச். பிறகு ஒரு வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் தளம்), இன்னொரு வாக். தளங்கள் நிரம்பி ஒரு ரன் நடந்தே வந்தது, 3-2. ஸ்காட் வந்தார். எம்மானுவேல் ரிவேரா நடுவில் தட்டிவிட்டார், இரண்டு பேர் ஓடி வந்தார்கள். 4-3. எல்லாம் அந்த ஒரே அவுட்டுக்காகக் காத்திருந்தபோது. முந்தைய நாள் இரவும் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஸ்காட் பசாயோவிடம் ஹோம்ரன் கொடுத்துத் தோற்றிருந்தார்கள்.

டாட்ஜர்ஸ் நிர்வாகி ஃப்ரீட்மன் கணக்குத் தெரியாதவர் அல்லர். தாம்பா பேயில் காசில்லாத அணியை நடத்தி, மலிவான கைகளை வைத்துப் புல்பென் கட்டியவர். அந்த மனிதரே ஆண்டுக்கு 2.3 கோடி கொடுக்கிறார் என்றால், அந்த இரண்டு இரவுகளுக்கு அதில் பங்கு உண்டு என்பதே என் ஊகம்.

கணக்கப்பிள்ளை

2.3 கோடி என்று எல்லோரும் எழுதுகிறீர்கள், வரியை மறந்துவிடுகிறீர்கள். சம்பள வரம்பைத் தொடர்ந்து மீறுவதாலும் உச்சப் படியைத் தாண்டிவிட்டதாலும், கூடுதலாகச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் டாட்ஜர்ஸ் 1.10 டாலர் வரி கட்டுகிறது. தள்ளிவைத்துக் கொடுக்கும் பகுதியைக் கழித்தாலும் டியாஸுக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு ஏறக்குறைய நான்கரைக் கோடி. மெட்ஸ் கொடுத்த குவாலிஃபையிங் ஆஃபரை (ஓராண்டு ஒப்பந்த அழைப்பை) அவர் மறுத்துவிட்டு வந்ததால் இரண்டு டிராஃப்ட் வாய்ப்புகளும் போகும். அவற்றுள் ஒன்று இரண்டாவது உயர்ந்த வாய்ப்பு. வெளிநாட்டு இளைஞர்களுக்கான நிதியில் 10 லட்சம் டாலரும் குறையும். நாளைய டிரையர்களையும் கிளைன்களையும் தேடிப்பிடிக்கிற பணம் அது.

நான்கரைக் கோடிக்கு எட்டு டிரையர்களைத் தேடலாம். ஆறு பேர் சொதப்பினாலும் இரண்டு பேர் தேறுவார்கள்.

புதுரசிகை

கணக்கப்பிள்ளை ஐயா, ஒரு சந்தேகம். எட்டுப் பேரைத் தேடினால் யார் தேறுகிறார் என்று தெரிய ஜூலை ஆகிவிடாதா? அதுவரை தோற்கிற ஆட்டங்களை யார் கணக்கில் எழுதுவது?

இன்னொன்று. நான் பார்த்த ஒரே தொடரில் சசாகி கடைசி இன்னிங்ஸ்களில் வீசினார். டியாஸ் வந்துவிட்டால் சசாகி என்ன செய்வார்?

திடலோரம்

அம்மா, இவ்வளவு நேரம் நாங்கள் நால்வரும் பேசியதைவிட உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

சசாகி ஜப்பானில் தொடக்கப் பிட்ச்சர். 25 வயதுக்கு முன்பே வந்ததால் டாட்ஜர்ஸுக்கு வெறும் 65 லட்சம் டாலர் போனஸில் கிடைத்தார். தோள்பட்டைக் காயத்தால் பருவத்தின் பெரும்பகுதியை இழந்து, செப்டம்பர் கடைசியில் வேறு வழியில்லாமல் ரிலீவராகத் திரும்பினார். அக்டோபரில் மூன்று ஆட்டங்களைக் காப்பாற்றினார். ஆனால் ஆறாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் திணறியதும் கிளாஸ்னோ ஓடி வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். கிகே ஹெர்னாண்டஸ் ஓடி வந்து பந்தைப் பிடித்து இரண்டாம் தளத்துக்கு எறிந்த டபுள் பிளேயால்தான் பிழைத்தார்கள். 24 வயதுப் பிட்ச்சரை அறுபது இன்னிங்ஸ் வேலைக்குப் பூட்டிவைப்பது பெரிய நஷ்டம். 2026இல் அவரைத் தொடக்க வரிசைக்கே கொண்டுபோகப் போவதாக அணி சொல்லிவிட்டது. அப்படியானால் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஆள் வேண்டும்.

டியாஸுக்குக் கொடுக்கும் பணத்தை அவருடைய 66 இன்னிங்ஸுக்கு எதிராக மட்டும் வைத்துப் பார்த்தால் கணக்கப்பிள்ளை சொல்வது சரி. சசாகி தொடக்கத்தில் வீசப்போகும் இன்னிங்ஸ்களையும் சேர்த்துப் பாருங்கள், கணக்கு மாறும். என்னுடைய மனக்குறை டியாஸின் விலை அல்ல, ஆண்டுகளின் எண்ணிக்கையும் அல்ல. மூன்று ஆண்டு பரவாயில்லை, குளோசர் ஹேடருக்கு ஹூஸ்டன் ஐந்து ஆண்டுகள் எழுதிக் கொடுத்திருக்கிறது. எட்டாவது இன்னிங்ஸுக்கு இன்னும் பதில் இல்லை என்பதுதான் குறை. டாட்ஜர்ஸ் ரிலீவர்களில் ஃபிலிப்ஸுக்கு 2025இல் முழங்கை அறுவைச் சிகிச்சை நடந்தது. கிராட்டரோல் 2025இல் ஓர் ஆட்டமும் ஆடவில்லை.

குயின்ஸ்வாசி

சரியாகச் சொன்னீர்கள். தவிர, வயதைச் சொல்லி டியாஸைக் குறைக்காதீர்கள். குளோசர் சாப்மன் 37 வயதில் பாஸ்டனுக்கு ஓராண்டு, 1.075 கோடிக்கு வந்து 32 ஆட்டங்களைக் காப்பாற்றி 1.17 கொடுத்தார். எவர் எப்போது எழுவார், எப்போது விழுவார் என்று சொல்ல முடியாது.

கணக்கப்பிள்ளை

அதைத்தானே முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்! சொல்ல முடியாத ஒன்றுக்கு ஓராண்டு, ஒரு கோடி என்று பாஸ்டன் கொடுத்தது. அதுதான் முறை. சசாகி வாதத்தை ஏற்கிறேன், அது கனமான வாதம். ஆனால் அதற்கும் மூன்று ஆண்டு தேவையில்லை.

நீலத்தொப்பி

ஓராண்டுக்கு டியாஸ் வரமாட்டார் ஐயா. மெட்ஸும் ஏறக்குறைய அதே தொகையைப் பேசியதாகத்தான் செய்தி. தொடர்ந்து மூன்று கோப்பை என்பது 1998 முதல் 2000 வரை யாங்கீஸுக்குப் பிறகு யாருக்கும் வாய்க்கவில்லை. அப்போது அவர்களுக்கு ஒன்பதாவது இன்னிங்ஸில் யார் இருந்தார்? மரியானோ ரிவேரா.

எட்டாவது இன்னிங்ஸுக்கு ஸ்காட் இருக்கிறாரே. இன்னும் மூன்று ஆண்டு ஒப்பந்தம் மிச்சம்.

குயின்ஸ்வாசி

அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். ஸ்காட் எட்டாவது இன்னிங்ஸ் வீசுகிற நாட்களில் டியாஸுக்குக் காப்பாற்ற முன்னிலை மிச்சமிருக்குமா?

நீலத்தொப்பி

டிரையர் இருக்கிறார். வேஸியா இருக்கிறார். பிப்ரவரியில் கேம்ப் திறக்கட்டும், பேசிக்கொள்ளலாம்.